ஐந்துக்கு ஒன்றா, ஐயாயிரத்துக்கு ஒன்றா?

வாசகர் கேள்வி - பதில்

இணையத்தில் பாட்டை இலவசமாக இறக்குவதால் இசைத்தட்டு விற்பனை குறையவில்லை என்று சொன்ன ஓர் அமெரிக்க ஆய்வைச் சென்ற இதழில் மூன்று வரியில் குறிப்பிட்டிருந்தோம். மூன்று வரி போதாது என்று வந்த கடிதங்கள் சொல்லிவிட்டன. கடிதங்களைச் சுருக்கித் தருகிறோம்.

கேள்வி: அந்த ஆய்வு உண்மையிலேயே அப்படித்தான் சொன்னதா? ஊர் முழுக்க இலவசமாக இறக்கினார்கள், ஆனாலும் நஷ்டம் இல்லை என்றால் நம்பும்படி இல்லையே?
*ஓய்வுபெற்ற ஆசிரியர், தக்கலை*

சொன்னது அதுதான். ஆனால் எதை அளந்தார்கள் என்பதைப் பார்த்துவிட்டு நம்புங்கள், அல்லது நம்பாதீர்கள்.

ஹார்வர்டு வணிகப் பள்ளியின் ஃபெலிக்ஸ் ஓபர்ஹோல்சர்-ஜீ, அப்போது வட கரோலினா பல்கலைக்கழகத்தில் இருந்த கோல்மன் ஸ்ட்ரம்ப்ஃப் ஆகிய இருவர் செய்த வேலை இது. முதல் வரைவு 2004-இல் வெளியானது. திருத்திய வடிவம் 2007-இல் 'ஜர்னல் ஆஃப் பொலிட்டிகல் எகானமி' இதழில் வந்தது. பொருளாதாரத் துறையில் இடம் பிடிக்கக் கடினமான இதழ்களில் அது ஒன்று. 2002-இன் கடைசி 17 வாரங்களில் பகிர்வு சர்வர்கள் (ஒருவர் கணினியிலுள்ள பாட்டை இன்னொருவர் எடுத்துக்கொள்ள இணைக்கும் கணினிகள்) வழியாக நடந்த சுமார் 17.5 லட்சம் பதிவிறக்கங்களை எடுத்துக்கொண்டு, 680 ஆல்பங்களின் வாராந்திர விற்பனையோடு பொருத்திப் பார்த்தார்கள். மக்களிடம் "இறக்கினீர்களா?" என்று கேட்டு எழுதியதல்ல, நடந்த இறக்கத்தின் பதிவு. அந்தக் காலத்தில் இது பெரிய விஷயம்.

விற்பனை மீதான விளைவைப் புள்ளியியல்படி பூஜ்யத்திலிருந்து பிரித்துச் சொல்ல முடியவில்லை என்பதே அவர்கள் கண்ட முடிவு. 2004 வரைவில் இன்னும் துணிந்து ஒரு கணக்குப் போட்டிருந்தார்கள்: மோசமான நிலையை வைத்துக்கொண்டாலும் 5,000 பாட்டு இறங்கினால்தான் ஆல்பம் விற்பனையில் ஒரு பிரதி போகும். அப்படியானால் ஆண்டுக்கு 20 லட்சம் பிரதி குறையும். அமெரிக்காவில் 2002-இல் விற்ற சிடி 80 கோடிக்கு மேல். 2000-க்கும் 2002-க்கும் இடையில் விற்பனை சரிந்ததோ 13.9 கோடி. அந்தச் சரிவின் பக்கத்தில் 20 லட்சம் கடலில் கரைத்த பெருங்காயம்.

இதற்கு நேர் எதிரான முடிவுகளும் உண்டு, எண்ணிக்கையில் அவையே அதிகம். பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் ரஃபேல் ராப், ஜோயல் வால்ட்ஃபோகல் இருவரும் கல்லூரி மாணவர்களிடம் எடுத்த கணக்கில், ஓர் ஆல்பம் இறக்கினால் வாங்குவது சுமார் 0.2 ஆல்பம் குறைகிறது. அதாவது ஐந்துக்கு ஒன்று. அலெஹாந்த்ரோ ஸென்ட்னர் ஐரோப்பியத் தரவில் பார்த்தபோது, பகிர்வில் இருப்பவர் இசை வாங்கும் வாய்ப்பு 30 சதவீதம் குறைந்தது. டெக்சாஸின் ஸ்டான் லீபோவிட்ஸ் சரிவு முழுவதற்குமே பகிர்வுதான் காரணம் என்கிறார்.

5,000-ஐயும் 5-ஐயும் அப்படியே பக்கத்தில் வைக்கக் கூடாது. முதலாவது பாட்டுக் கணக்கு, இரண்டாவது ஆல்பக் கணக்கு. ஓர் ஆல்பத்தில் 12 பாட்டு என்று வைத்தால் 5,000 பாட்டு என்பது சுமார் 400 ஆல்பம். ஆக 400-க்கு ஒன்றா, 5-க்கு ஒன்றா என்பதே நேரான ஒப்பீடு. அலகை மாற்றிப் பார்த்த பிறகும் எண்பது மடங்கு வித்தியாசம். காரணம் அடுத்த கேள்வியில் இருக்கிறது.

கேள்வி: முதுகலைப் பொருளாதாரம் படிக்கிறேன். அமெரிக்க விற்பனையை அளக்க ஜெர்மனியின் பள்ளி விடுமுறையைப் பயன்படுத்தினார்கள் என்று வகுப்பில் சொன்னார்கள். ஜெர்மனிப் பிள்ளைகளின் விடுமுறைக்கும் அமெரிக்க சிடி கடைக்கும் என்ன தொடர்பு? இதே முறையில் இங்கே ஒரு புராஜெக்ட் செய்ய முடியுமா?
*மாணவி, நாகர்கோவில்*

தொடர்பு இல்லை என்பதால்தான் எடுத்தார்கள். விளக்கத்துக்கு நம் ஊர் மீன் சந்தைக்கு வாருங்கள்.

மீன் விலை ஏறினால் கோழி விற்பனை எவ்வளவு கூடும் என்று தெரிய வேண்டும். ஒரு வருஷ மீன் விலையையும் கோழி விற்பனையையும் எழுதி வைத்து ஒப்பிட்டால் போதும் என்று தோன்றும். போதாது. கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் மீன் விலையும் ஏறும், கோழியும் பறக்கும். மீன் விலை ஏறியதால் கோழி விற்கவில்லை, பண்டிகை என்ற மூன்றாவது ஆள் இரண்டையும் தள்ளிவிட்டான். பாட்டிலும் இதே கதைதான். படம் ஹிட்டானால் அதன் பாட்டை இலவசமாக இறக்குபவரும் கூடுவார், காசு கொடுத்து வாங்குபவரும் கூடுவார். அந்த இரண்டையும் அப்படியே ஒப்பிட்டால், இறக்குவது விற்பனைக்கு நல்லது என்று கூட முடிவு வரும்.

ஆகவே மீன் வரத்தை மட்டும் அசைத்து, சாப்பிடுபவரின் ஆசையைத் தொடாத ஏதாவது ஒன்று வேண்டும். நம்மிடம் இருக்கிறது: மீன்பிடித் தடைக்காலம். அதிலும் நம் கன்னியாகுமரி மாவட்டத்துக்கு ஒரு கூடுதல் வசதி. சின்னமுட்டம் பக்கம் கிழக்குக் கடற்கரைக் கணக்கு, ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகு போகாது. குளச்சல், முட்டம், தேங்காய்ப்பட்டணம் மேற்குக் கடற்கரைக் கணக்கு, ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. ஆக ஏப்ரல் 15 முதல் மே 31 வரை கிழக்கு மட்டும் அடைப்பு, ஜூன் முதல் 14 நாள் இரண்டும் அடைப்பு, ஜூன் 15-க்குப் பிறகு மேற்கு மட்டும். வரத்து மூன்று படியாக மாறுகிறது. இந்தத் தேதிகளை எழுதியவர்கள் யாரும் கோழிக்கடையை நினைத்து எழுதவில்லை. இப்படிப்பட்ட வெளிக்காரணிக்குத்தான் கருவி மாறி என்று பெயர்.

ஜெர்மனிப் பிள்ளைகள் அந்த வேலையைத்தான் செய்தார்கள். அங்கே மாநிலத்துக்கு மாநிலம் பள்ளி விடுமுறைத் தேதி வேறு. விடுமுறையில் பிள்ளைகள் வீட்டிலிருந்தால் கணினி நெடுநேரம் ஓடும், பகிர்வில் பாட்டு வரத்து கூடும். அமெரிக்கர் இறக்கிய பாட்டுகளில் ஏறத்தாழ ஆறில் ஒன்று ஜெர்மனியிலிருந்துதான் வந்தது. அந்த வாரம் அமெரிக்காவில் இறக்கம் எளிதாகிறது. ஓஹையோவில் ஒருவர் சிடி வாங்குவதோ பவேரியாவின் பள்ளி நாள்காட்டியைப் பொறுத்ததல்ல.

இந்த ஏற்பாட்டில் இரண்டு இடத்தில் ஓட்டை விழும். அதைத்தான் லீபோவிட்ஸ் பிடித்தார். ஒன்று, ஜெர்மனியில் எத்தனை பிள்ளைகள் விடுமுறையில் இருக்கிறார்கள் என்பது வாரத்துக்கு ஒரே ஓர் எண். 680 ஆல்பம் இருந்தாலும் உண்மையில் அசையும் புள்ளிகள் 17 வாரம்தான். அதனால் ஆய்வு செய்தவர்கள் அந்த எண்ணை ஆல்பத்தின் குணங்களோடு பெருக்கி ஆல்பத்துக்கு ஆல்பம் வேறுபடும்படி செய்தார்கள். அது போதுமா என்பது தீராத சண்டை. இரண்டு, அந்த 17 வாரத்தின் முடிவில் கிறிஸ்துமஸ் நிற்கிறது. அமெரிக்க சிடி விற்பனை ஆண்டின் உச்சிக்குப் போவது அப்போதுதான், ஜெர்மனிப் பள்ளிகள் மூடுவதும் அப்போதுதான். கருவி மாறியும் பண்டிகையும் கைகோத்துக்கொண்டால் கருவி கெட்டது. தரவு பொதுவில் இல்லாததால் பிறர் போட்டுப் பார்க்கவும் வழியில்லை என்பது அவருடைய இன்னொரு குறை.

உங்கள் புராஜெக்டுக்கு மீனையே எடுத்துக்கொள்ளுங்கள், பாட்டு வேண்டாம். பாட்டு இறக்கத்தை இங்கே யாரும் எண்ணி வைக்கவில்லை. வடசேரி, கோட்டார், திங்கள்சந்தை, குளச்சல் என நான்கு சந்தைகளில் சாளை, அயிலை, நெத்திலி மூன்றுக்கும் கிலோ விலையைத் தினமும் ஒரே மணிக்கு எழுதுங்கள். காலை ஏழு மணி விலையும் பதினொரு மணி விலையும் ஒன்றல்ல, கலந்தால் கணக்கு குழம்பும். ஒவ்வொரு சந்தையின் பக்கத்திலும் இரண்டு மூன்று கோழிக்கடையில் அன்றைய விற்பனையைக் கிலோவில் வாங்குங்கள். விலையை மட்டும் வாங்கி வந்தால் வீண். கோழி விலை இங்கே ஒரு கடைக்காரர் முடிவு செய்வதல்ல, வெளியிலிருந்து வருவது.

முதல் கட்டத்தில் மீன் விலையைத் தடைக்கால நாட்களால் விளக்குங்கள். அதில் எஃப் மதிப்பு 10-க்குக் கீழே வந்தால் கருவிக்கு வலுவில்லை என்று அர்த்தம், அதோடு நிறுத்துங்கள். நாட்டுப்படகுக்கும் வள்ளத்துக்கும் தடை இல்லாததால் சாளை, நெத்திலியில் விலை அவ்வளவு ஏறாமல் போகலாம். அப்படியானால் விசைப்படகு மீனான கணவாய், கிளிமீன் இரண்டையும் சேருங்கள். வலு இருந்தால், அப்படி வந்த விலையைக் கொண்டு கோழி விற்பனையை விளக்குவது இரண்டாம் கட்டம். சந்தைவாரியாக நிலைக் காரணியும் (ஒரு சந்தைக்கே உரிய, நாளுக்கு நாள் மாறாத வேறுபாட்டைப் பிரித்தெடுப்பது) கிழமைவாரியாகக் காரணியும் போடுங்கள். ஞாயிற்றுக்கிழமையைத் தனியாகப் பிரிக்காவிட்டால் இந்த மாவட்டத்தில் எந்த இறைச்சிக் கணக்கும் தேறாது.

இங்கும் இரண்டு ஓட்டை உண்டு. ஏப்ரல் 15-ஐ ஒட்டித் தவக்காலம் முடிந்து ஈஸ்டர் வரும், பள்ளி விடுமுறை தொடங்கும், கன்னியாகுமரிக்குச் சுற்றுலாக் கூட்டம் ஏறும். கோழி விற்பனை கூடுவதற்கு இவையே போதும். ஈஸ்டர் தேதி ஆண்டுக்கு ஆண்டு நகர்வதால் இரண்டு வருஷத் தரவாவது வேண்டும். இரண்டாவது, தடைக்காலத்தில் கடற்கரைக் குடும்பங்களின் கையில் காசு இருக்காது. குளச்சல் கடையில் கோழி விற்பனை குறைந்தால் அது மீன் விலையால் அல்ல, வருமானத்தால். ஆகவே கடலோரக் கடைகளையும் தக்கலை, மார்த்தாண்டம் போன்ற உள்பகுதிக் கடைகளையும் தனித்தனியாகக் காட்டுங்கள். இந்த இரண்டையும் வைவாவில் கேட்பதற்கு முன் நீங்களே எழுதிவிடுங்கள்.

கேள்வி: செல்போன் கடை வைத்திருக்கிறேன். 4 ஜிபி கார்டில் பாட்டு ஏத்திக் கேட்பார்கள். 800 பாட்டு வரை கொள்ளும். ஒரு பாட்டு 15 ரூபாய் என்றாலும் ஒரு கார்டுக்கு 12,000 ரூபாய் கம்பெனிக்கு நஷ்டம் என்று ஒருவர் கணக்குச் சொல்லிப் பயமுறுத்துகிறார். சரியா?
*வாசகர், திங்கள்நகர்*

கணக்குத் தவறு, பயம் சரி.

128 கேபிபிஎஸ் எம்பி3-யில் ஐந்து நிமிஷப் பாட்டு 4.8 எம்பி. 4 ஜிபிக்கு 800 என்பது சரிதான். ஆனால் உங்களிடம் 50 ரூபாய் தருபவர், நீங்கள் ஏற்றித் தர மறுத்தால் 12,000 ரூபாய் எடுத்துக்கொண்டு போய் 800 பாட்டு வாங்கப்போவதில்லை. ஒருவேளை ஐந்தாறு வாங்கலாம், அல்லது ரேடியோவைப் போடுவார். நடந்திருக்கக்கூடிய விற்பனைதான் நஷ்டம். நகலின் எண்ணிக்கையை விலையால் பெருக்குவது நஷ்டம் ஆகாது. ராப் - வால்ட்ஃபோகல் ஆய்விலும், மாணவர்கள் தாங்கள் இறக்கிய ஆல்பங்களுக்குத் தாங்களே போட்ட மதிப்பு, காசு கொடுத்து வாங்கியவற்றுக்குப் போட்ட மதிப்பைவிடக் குறைவாகவே இருந்தது. ஓசி என்பதால் எடுத்தது நிறைய.

சட்டமோ நஷ்டத்தை எண்ணிவிட்டுத் தண்டிப்பதில்லை. பதிப்புரிமைச் சட்டம் 1957-இன் 63-ஆம் பிரிவில் ஆறு மாதம் முதல் மூன்று ஆண்டு வரை சிறை, 50,000 ரூபாய் முதல் இரண்டு லட்சம் வரை அபராதம். தன் சிடியைத் தன் போனுக்கு ஒருவர் மாற்றிக்கொள்வது சொந்த உபயோகம். அதே வேலையைக் காசு வாங்கிக்கொண்டு பலருக்குச் செய்யும் கடைக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. தமிழ்நாட்டில் 2004 திருத்தத்துக்குப் பிறகு வீடியோ திருட்டு குண்டர் சட்டத்துக்குள்ளும் வந்துவிட்டது, படம் ஏற்றிக் கொடுப்பவர் அதையும் நினைவில் வைக்க வேண்டும். கார்டு விற்கலாம், வாடிக்கையாளர் கொண்டுவரும் போனில் அவர் சந்தா கட்டிய செயலியை அமைத்துக் கொடுத்துக் கூலி வாங்கலாம். கடைக் கணினியில் பாட்டுக் கிடங்கு வைத்துக்கொண்டு ஏற்றுவதை விட்டுவிடுங்கள்.

கேள்வி: இலவசமாகப் போனால் கலைஞன் உழைப்பானா? பாட்டுப் பகிர்வு மென்பொருளான நாப்ஸ்டருக்குப் பிறகு நல்ல பாட்டே வரவில்லை என்கிறேன்.
*வாசகர், குழித்துறை*

ரசனையில் தலையிட மாட்டோம். எண்ணிக்கை உங்கள் பக்கம் இல்லை. நாப்ஸ்டர் வந்தது 1999, நீதிமன்ற உத்தரவுக்குப் பின் மூடியது 2001. அமெரிக்காவில் 2000-இல் சுமார் 35,500 புது ஆல்பம் வெளியானது, 2007-இல் சுமார் 79,700. தரத்தை அளக்க வால்ட்ஃபோகல் விமர்சகர் பட்டியல்களையும், எந்த ஆண்டுப் பாட்டுகளைப் பிற்பாடும் வானொலி ஒலிபரப்பியது, மக்கள் வாங்கினார்கள் என்பதையும் எடுத்துப் பார்த்தார். 1999-க்குப் பிறகு தரம் சரிந்ததற்குச் சான்று கிடைக்கவில்லை. வருமானம் சரிந்த அதே காலத்தில் பதிவுச் செலவும் சரிந்தது. ஸ்டுடியோ நாள் வாடகைக்குக் கொடுத்த காசில் இன்று ஒரு மைக், ஓர் ஒலி இடைமுகம், ஒரு லேப்டாப் வந்துவிடும்.

கேள்வி: எங்களுடையது பரம்பரை வில்லுப்பாட்டுக் குழு. முழுக் கதையையும் யூடியூபில் போட்டால் கோயில் கொடை விழாக் கமிட்டிக்காரர்கள் "போனிலேயே போட்டுக்கலாம்" என்று கூப்பிடாமல் விட்டுவிடுவார்களோ என்று மூத்தவர்கள் தடுக்கிறார்கள். இளையவர்கள் போடச் சொல்கிறார்கள். யார் சொல்வது சரி?
*குழுவினர், அகஸ்தீஸ்வரம் பக்கம்*

ஆய்வுகள் இளையவர்கள் பக்கம் சாய்கின்றன, ஒரு நிபந்தனையோடு. ஹார்வர்டில் டேவிட் பிளாக்பர்ன் 2004-இல் செய்த ஆய்வில், பகிர்வு பெயர்பெற்ற பாடகரின் விற்பனையைக் குறைத்தது, பெயர் தெரியாதவரின் விற்பனையைக் கூட்டியது. உங்களுக்கு அதைவிட முக்கியமானது பொருளாதார அறிஞர் ஆலன் க்ரூகரின் கணக்கு. அமெரிக்காவில் 1996 முதல் 2003 வரை கச்சேரிச் சீட்டு விலை 82 சதவீதம் ஏறியது, பொது விலைவாசி 17 சதவீதம்தான். முன்பு சீட்டை மலிவாக வைத்தால் கூட்டம் வரும், வந்த கூட்டம் இசைத்தட்டு வாங்கும். தட்டு விற்பனை போனதும் அந்த மலிவுக்குக் காரணமும் போனது.

உங்கள் குழுவுக்குக் கேசட் காலத்திலும் பெரிய வருமானம் கொடையிலிருந்துதான். பதிவுதான் இலவசமாகப் போகிறது, மேடை போகவில்லை. வில்லடிக்கு சாமி வந்து ஆட வேண்டும், உடுக்கைச் சத்தத்தில் அருள் வர வேண்டும். போனில் போட்டுவிட்டு எந்தக் கோமரத்தாடி (சாமியாடி) ஆடுவார்? சுடலைமாடசாமி கோயில் கமிட்டி கூப்பிடுவது கதை கேட்க மட்டும் அல்ல. ஆனால் உங்கள் மேடையை விட்டுப் பதிவையே காசாக்கும் குழு பக்கத்தில் இருந்தால், அவர்களுக்கு இதே பதில் பொருந்தாது.

எங்கள் பேச்சை நம்பாமல் நீங்களே அளக்கலாம். ஒரு நோட்டுப் போடுங்கள். ஒவ்வொரு அச்சாரத்துக்கும் தேதி, ஊர், கோயில், எந்தக் கதை, பேசிய தொகை, "எங்களை எப்படித் தெரியும்?" என்பதற்கு அவர்கள் சொன்ன வார்த்தை. இந்தக் கடைசி கட்டத்தைத்தான் எல்லாரும் விட்டுவிடுவார்கள். தொகை பேசி முடித்த பிறகு கேட்டால் நினைவில் வந்ததைச் சொல்வார்கள், போன் எடுத்த முதல் நிமிஷத்திலேயே கேளுங்கள். கைவசம் எட்டுக் கதை இருந்தால் சீட்டுக் குலுக்கி நான்கைத் தேர்ந்து முழுதாகப் போடுங்கள், மற்ற நான்கில் முதல் 20 நிமிஷம் மட்டும். நல்ல கதை எது என்று பார்த்துத் தேர்ந்தால் சோதனை அங்கேயே செத்தது, அந்தக் கதைக்கு எப்படியும் அழைப்பு வரும். பங்குனி, சித்திரை என இரண்டு சீசனாவது பாருங்கள். நாற்பது ஐம்பது அச்சாரத்துக்குக் குறைவான எண்ணிக்கையில் இரண்டு மூன்று கூடினதும் குறைந்ததும் தற்செயலாக இருக்கும்.

போடும் முன் சிக்கல் வரும் இடங்கள். பழைய கேசட்டை ஏற்றாதீர்கள். பாடியது உங்கள் தாத்தாவே ஆனாலும், ஒலிப்பதிவின் உரிமை சட்டப்படி தயாரித்த நிறுவனத்துக்கு, வெளியான அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டு. அதே கதையைப் புதிதாகப் பாடிப் பதிந்தால் அது உங்களுடையது. நடுவில் கூட்டத்தைச் சிரிக்க வைக்கச் சினிமா மெட்டு நான்கு வரி போடுவீர்கள் அல்லவா, அதை யூடியூபின் கன்டென்ட் ஐடி (உரிமையுள்ள இசையைத் தானாகக் கண்டுபிடிக்கும் ஏற்பாடு) பிடித்தால் இரண்டு மணி நேர வீடியோவின் விளம்பரக் காசும் வேறொருவருக்குப் போகலாம். பதிவுக்கு மட்டும் அந்த மெட்டைத் தவிருங்கள். தவறான உரிமைகோரல் வந்தால் ஐந்து நாளுக்குள் மறுப்புப் போடுங்கள், முதல் நாளிலிருந்தான வருமானம் தனியாக நிறுத்தி வைக்கப்படும். கோரியவர் 30 நாளில் பதில் சொல்ல வேண்டும். சேனலில் விளம்பர வருமானம் தொடங்கவே 1,000 சந்தாதாரரும் 12 மாதத்தில் 4,000 மணி நேரப் பார்வையும் வேண்டும். நீளமான வில்லுப்பாட்டுக்கு இந்த 4,000 மணி சினிமாப் பாட்டுக்காரரைவிட எளிது. குடம், உடுக்கை, பின்பாட்டுக்காரர் எல்லாரும் கையெழுத்திட்ட ஒரு பங்கு ஒப்பந்தத்தை முதல் வீடியோவுக்கு முன்பே எழுதுங்கள். காசு வந்த பிறகு எழுதிய ஒப்பந்தம் எந்தக் குழுவிலும் சுமுகமாக முடிந்ததில்லை.

கேள்வி: எங்கள் தேவாலயப் பாடகர் குழு 12 பாட்டுடன் ஆல்பம் போட்டு 1,000 சிடி அடித்தோம். 380 தான் விற்றது. வாட்ஸ்ஆப்பில் சுமார் 3,000 பேருக்குப் போய்விட்டது. வாட்ஸ்ஆப்தானே காரணம்?
*பாடகர் குழு, கருங்கல்*

ஐந்துக்கு ஒன்று என்ற கணக்கை எடுத்து 3,000-ஐ ஐந்தால் வகுத்தால் 600 வரும். மீதி 620 சிடி. கச்சிதமாகப் பொருந்துகிறது, அதனாலேயே சந்தேகப்படுங்கள். அந்த 0.2 அமெரிக்கக் கல்லூரி மாணவர்களின் ஹிட் ஆல்பங்களுக்கு வந்த எண், ஒவ்வொரு அறையிலும் சிடி பிளேயர் இருந்த காலத்தில். உங்கள் 3,000 பேரில் எத்தனை வீட்டில் சிடி ஓடுகிறது என்று முதலில் எண்ணுங்கள். ஓடாத வீட்டுக்கு நீங்கள் எந்த வாட்ஸ்ஆப்பும் இல்லாமலே விற்றிருக்க முடியாது. அமெரிக்கச் சரிவிலும் இந்தத் தகராறு உண்டு. எல்பி வைத்திருந்தவர்கள் சிடியாக மாற்றி வாங்கி முடித்தது, டிவிடி வந்து காசைப் பிரித்தது, முழு ஆல்பத்துக்குப் பதில் ஒற்றைப் பாட்டு வாங்கும் வசதி, இத்தனையும் அதே ஆண்டுகளை ஒட்டித்தான். 2003 ஏப்ரலில் ஐட்யூன்ஸ் கடை 99 சென்டுக்கு ஒரு பாட்டு என்று திறந்தபோது, ஒன்றுக்காகப் பன்னிரண்டு வாங்கிய பழக்கம் போனது.

அடுத்த ஆல்பத்துக்கு அடிக்கும் முன்பே முன்பணம் வாங்குங்கள். வந்த எண்ணிக்கையோடு பத்தில் ஒரு பங்கு சேர்த்து மட்டும் அடியுங்கள். சிடியைவிடக் காரில் செருகும் பென்டிரைவ் மேல். இரண்டு மூன்று தேவாலயப் பங்குகளில் வாட்ஸ்ஆப் முந்தி, மற்றவற்றில் விற்பனை முந்தி, இரண்டு வாரம் கழித்து மாற்றி அனுப்பிப் பாருங்கள். எந்தப் பங்குக்கு எது என்பதைச் சீட்டுப் போட்டு எடுங்கள். வெளியீட்டுக்கு முன் கசிந்தாலும் மனமுடைய வேண்டாம். ராபர்ட் ஹாமண்ட் அமெரிக்கத் தரவில் பார்த்தபோது, ஒரு மாதம் முன்னதாகக் கசிந்த ஆல்பம் சுமார் 60 பிரதி கூடுதலாகவே விற்றது.

ஸ்ட்ரீமிங்கில் போடுவதென்றால் 44.1 கிலோஹெர்ட்ஸ், 16 பிட் வேவ் கோப்பு, 3,000-க்கு 3,000 பிக்சல் அட்டைப்படம், பாட்டுக்கு ஒரு ஐஎஸ்ஆர்சி எண் (ஒவ்வொரு ஒலிப்பதிவுக்குமான அடையாள எண்) தேவை. 12 எழுத்துள்ள அந்த எண்ணை விநியோக நிறுவனமே தரும். ஸ்பாட்டிஃபையில் கடந்த 12 மாதத்தில் 1,000 முறையாவது கேட்கப்படாத பாட்டுக்குப் பதிவு உரிமைத்தொகை கிடையாது. 12 பாட்டும் 900, 900 என்று நின்றால் கையில் வருவது ஒன்றுமில்லை, இரண்டை மட்டும் முன்னிறுத்தினால் அந்த இரண்டாவது தேறும். ரெடிமேடு பின்னணி இசையை வாங்கிப் பாடியிருந்தால் கன்டென்ட் ஐடியில் சேர்க்காதீர்கள். அதே இசையை வாங்கிய வேறு சபையின் வீடியோவை உங்கள் பெயரில் அது பிடிக்கும், பிறகு சமாதானம் பேச நீங்கள்தான் போக வேண்டும்.

கேள்வி: கோயில் கொடையில் ஒலிபெருக்கியில் பாட்டுப் போட உரிமம் கேட்கிறார்கள். வேண்டுமா?
*கமிட்டி உறுப்பினர், இரணியல்*

உண்மையான மதச் சடங்கின் பகுதியாகப் பாட்டை ஒலிக்கச் செய்வது பதிப்புரிமைச் சட்டம் 52(1)(இசட்ஏ) பிரிவின்படி மீறல் ஆகாது. திருமண ஊர்வலமும் அதில் சேரும். கொடை முடிந்து இரவில் டிக்கெட் வைத்து நடத்தும் இன்னிசைக் கச்சேரி சடங்கில் சேராது. நிகழ்ச்சியை யூடியூபில் நேரலை விடுவதற்கும் இந்த விலக்கு நீளாது, அங்கேதான் பெரும்பாலான கமிட்டிகளின் வீடியோ முடக்கப்படுகிறது.

கேள்வி: ஆழ்கடல் தொழிலுக்குப் போனால் 40 நாள் வரை ஆகும். மாதச் சந்தா கட்டிச் செயலியில் பாட்டு இறக்கி வைத்துப் போனாலும் நடுக்கடலில் நின்றுவிடுகிறது. பழைய பென்டிரைவே மேல் என்று படகில் எல்லாரும் சொல்கிறார்கள்.
*மீனவர், தூத்தூர்*

செயலியில் இறங்குவது பாட்டு, ஆனால் திறவுகோல் கரையில் இருக்கிறது. ஸ்பாட்டிஃபை, யூடியூப் மியூசிக் இரண்டும் 30 நாளுக்கு ஒரு முறையாவது இணையத்தோடு பேச வேண்டும், இல்லாவிட்டால் இறக்கி வைத்தது திறக்காது. தேங்காய்ப்பட்டணம் துறைமுகத்திலிருந்து படகு கிளம்பும் அன்றே வைஃபையில் செயலியைத் திறந்து ஒரு பாட்டு ஓடவிடுங்கள், முப்பது நாள் அன்றிலிருந்து தொடங்கும். ஒரு வாரம் முன்பு வீட்டில் திறந்தது கணக்கில் அந்த ஒரு வாரத்தைத் தின்றுவிடும். சந்தா புதுப்பிக்கும் தேதி பயணத்தின் நடுவில் விழுந்தால் கிளம்பும் முன்பே கட்டுங்கள். இரண்டு பேர் இரண்டு வெவ்வேறு நாளில் திறந்து வைத்தாலும் பயன் இல்லை, இருவரும் ஒரே நாளில் கரையை விடுகிறீர்கள்.

30-க்கு மேற்பட்ட நாட்களுக்குக் காசு கொடுத்து வாங்கிய எம்பி3 அல்லது சொந்த சிடியிலிருந்து மாற்றிய பாட்டுதான் வழி. அதைப் பென்டிரைவில் எஃப்ஏடி32 அமைப்பில் போடுங்கள், படகு ஸ்டீரியோக்கள் பல என்டிஎஃப்எஸ்-ஐப் படிக்காது. உப்புக் காற்றில் பென்டிரைவின் முனை பச்சை பிடிக்கும், ஆகவே இரண்டு பிரதி, ஒன்றை மூடியுள்ள டப்பாவில் சிலிக்கா ஜெல் பையோடு வையுங்கள்.

ஸ்ட்ரீமிங் பாட்டு விற்பனையைக் குறைக்கிறது, 137 முறை ஓடினால் பாட்டு விற்பனையில் ஒன்று போகும், கூடவே திருட்டு இறக்கத்தையும் குறைக்கிறது என்று லூயிஸ் அகியாரும் வால்ட்ஃபோகலும் கணக்கிட்டார்கள். கூட்டிக் கழித்தால் ஏறத்தாழ சமம் வந்தது. அந்தக் கணக்கு சிக்னல் கிடைக்கும் கரைக்கு உரியது. உங்கள் படகில் பழைய பென்டிரைவ்தான் இன்னும் போட்டியில் இருக்கிறது.